பன்னிரண்டு பொட்டலம் கூனி

கிலோ நானூற்றைம்பது. செக்கச்செவேலென்று பொடிப்பொடியாய் உறைந்து கிடந்ததைக் கூனி இறால் என்று முடிவுகட்டி, பெட்டியின் மேல் அந்த விலையை ஒட்டியது அவள்தான். துறைமுகக் குளிர்கிடங்கில் அப்பாவின் கல்லாவில் உட்கார்ந்து ஆறு வருஷம். கண்ணாலேயே எடை போடுவாள்.

மழையில் தொப்பலாக நனைந்த ஒருவன் ஓடிவந்து பெட்டியைக் கட்டிக்கொண்டான்.

"மொத்தமா எடுத்தா பாத்துப் போட்டுத் தர்றேன். கட்டிப்பிடிச்சா எல்லாம் விலை குறையாது."

"இது என்னுதுங்க. எங்க ஆராய்ச்சிக்கூடத்து ஃப்ரீசர் பழுது. ஒரு வாரம் இங்க வெச்சுக்கச் சொன்னதே உங்கப்பாதான்."

அப்பா வாயால் சொன்னதோடு சரி, பதிவேட்டில் எழுதவில்லை.

அவன் இமையிலிருந்து நீர் சொட்டியது... கண்ணில் கோபமில்லை, பயம்தான். துருவக் கடலின் கூனியாம் அது. பன்னிரண்டு வருஷம், ஒரே இடம், ஒரே வலை. வருஷத்துக்கு ஒரு பொட்டலம்.

"எல்லாம் இருக்கில்ல?"

"எங்க கிடங்குல எது காணாமப் போயிருக்கு?"

சொன்ன பிறகுதான் நினைவு வந்தது. காலையில் மீன்பண்ணைக்காரர் ஒருவருக்கு, இந்தப் பெட்டியில் இருப்பதிலேயே பெரிய பொட்டலத்தை எடுத்துக் கொடுத்திருந்தாள். இந்நேரம் தீவனத்தோடு அரைபட்டிருக்கும். கௌரவம் நாக்கைப் பிடித்துக்கொண்டது...

அவன் தினமும் குளிர் பார்க்க வந்தான். ஒருநாள் ஆறாம் வருஷத்துப் பொட்டலத்தையும் கடைசி வருஷத்ததையும் அருகருகே வைத்தான். கடைசிப் பொட்டலம் அவள் உள்ளங்கைக்குள் அடங்கியது.

"ஏன் இப்படி இளைச்சுட்டே போகுது?"

"பனிக்கு அடியில பாசி படரும். குஞ்சுங்களுக்கு அதான் சாப்பாடு. கடல் சூடாகி, பனி லேட்டா கட்டுது, சீக்கிரம் கரையுது. இந்தக் கூனியை நம்பித்தான் பென்குயின், சீல், திமிங்கிலம் எல்லாம்."

"மொத்த வியாபாரியே கையை விரிச்சா, சில்லறைக் கடை எப்படி ஓடும்..."

அவன் சிரித்தான். அவளால் முடியவில்லை. அப்படியானால் அந்தப் பெரிய பொட்டலம்... முதல் வருஷம். பனி நிறைந்திருந்த வருஷம்.

கடைசி நாள், வண்டி வாசலில் நிற்க, அவள் பெட்டியை விடவில்லை.

"ஒண்ணு குறையுது. முதல் வருஷம். நான்தான் வித்தேன்."

"முதல் நாளே எண்ணிட்டேன்."

"அப்புறம் ஏன் கேக்கல?"

"அந்த வருஷத்து எண்ணிக்கை நோட்டுல இருக்கு. உடம்புதான் போச்சு. அந்த மாதிரிப் பனி இனிமே கட்டுமான்னு தெரியல. நீங்களா சொல்லுவீங்களான்னு பாக்கத்தான் மறுநாள் வந்தேன்." மூக்குக்கண்ணாடியைத் துடைத்தான். "அதுக்கப்புறம் வந்தது... உங்களைப் பாக்க. குளிர் எவ்வளவுன்னு வெளிக்கதவு மீட்டர்லயே தெரியுதே."

"எனக்கும் அது தெரியும்," என்றாள், தலை நிமிராமல். "தெரிஞ்சுதான் தினமும் உள்ள விட்டேன்."

அடுத்த மாதம் அவன் மறுபடி பனிக்குப் போகிறான். அவள் பதிவேட்டில் எழுதி, கையெழுத்துக்கு நகர்த்தினாள்.

வரவு பன்னிரண்டு. இருப்பு பதினொன்று. பாக்கி ஒன்று, ஈடு கிடையாது. நேரில் வந்து கேட்கவும், எத்தனை தடவையானாலும்.