அண்ணி காத்த வாக்கு

“இது என்ன?”

சர்க்கரை டப்பாவுக்குப் பின்னாலிருந்து எடுத்த மாத்திரை அட்டையைக் கணவர் அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அவள் அடுப்பை அணைத்தாள்.

“உன்னைத்தான் கேக்குறேன். யாருக்கு இது?”

“சின்னவனுக்கு...”

“அதானே பார்த்தேன். பாட்டில் போய் இப்ப மாத்திரையா? அதை நீயே ஒளிச்சு வச்சு ஊட்டி விடுறியா?”

“போதை மாத்திரை இல்லைங்க. டாக்டர் கொடுத்தது.”

“எந்த டாக்டர்? எதுக்கு?”

அவளிடம் பதில் இருந்தது. ஆனால் யாருக்கும் சொல்வதில்லை என்று கணவரின் தம்பி சின்னவனிடம் வாக்குக் கொடுத்திருந்தாள்.

கணவர் ஒவ்வொரு மாத்திரையாகப் பிதுக்கித் தொட்டியில் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டார். கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள் நாத்தனார். கணவரின் அக்கா; கணவனை இழந்தபின் தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். தலையைத் தூக்காமலே சொன்னாள்: “செல்லம் கொடுத்துக் கொடுத்தே அவனைக் குட்டிச்சுவராக்கிட்டா.”

அவள் இந்த வீட்டுக்கு மணப்பெண்ணாக வந்தபோது சின்னவனுக்குப் பால்பல் விழுந்துகொண்டிருந்த வயது. தாய் இல்லாத பிள்ளை. தலைவாரிவிட்டு, பாடம் சொல்லிக் கொடுத்து, காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டு வளர்த்தாள். அவன் ‘அண்ணி’ என்று கூப்பிட்டதைக் கேட்டுக் கேட்டே அவன் அண்ணனின் சோபாப் பட்டறையில் ஆட்கள் எல்லோருக்கும் அவள் அண்ணி ஆகிப்போனாள்.

வளர்ந்தபின் பட்டறையில் உறை தைக்க அவனை மிஞ்ச ஆளில்லை. ஆனால் சில வாரங்கள் தூங்கவே மாட்டான். பேச்சு நிற்காது, ஒரே மூச்சில் பத்து வேலையைத் தொடங்குவான். பிறகு ஒருநாள் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டால் குளிக்கவும் எழுந்திருக்க மாட்டான். ஓடுகிற மனசை நிறுத்தக் குடித்தான். நின்றுபோன மனசை நகர்த்தவும் குடித்தான். வீட்டுக்குத் தெரிந்தது குடி மட்டும்தான்.

அண்ணன் அவனைக் குடி நிறுத்தும் இல்லத்தில் சேர்த்தார். அதற்கு முன்பே அண்ணி யாருக்கும் தெரியாமல் அவனைக் கூட்டிப்போய்க் காட்டிய மனநல மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரைகளை அங்கே வாங்கி வைத்துக்கொண்டார்கள். “இங்க எந்த மாத்திரையும் கூடாதும்மா.” வெளியே வந்து அந்த மருத்துவரிடம் போனால், “முதல்ல குடியை விட்டுட்டு வரச்சொல்லுங்க” என்றார். இரண்டு வாசலுக்கும் நடுவில் அண்ணி அலைந்தாள்.

கடைசியில் ஓர் ஆஸ்பத்திரியில் இரண்டுக்கும் ஒரே இடத்தில் வைத்தியம் பார்ப்பதாகக் கேள்விப்பட்டாள். அங்கே இருந்த பெண் மருத்துவர் அவனிடம் குடியைப் பற்றியும் கேட்டார், தூக்கத்தைப் பற்றியும் கேட்டார். “எது முதல்ல வந்துச்சுன்னு தேடிக்கிட்டு இருக்க வேண்டாம். ரெண்டும் ஒண்ணையொண்ணு கெட்டியா புடிச்சிருக்கு. ரெண்டையும் சேர்த்துத்தான் பார்க்கணும்” என்றார்.

திரும்பி வரும்போது பேருந்தில் சின்னவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். “அண்ணி, குடிகாரன்னு சொன்னா அண்ணன் திட்டுவாரு. மனசு சரியில்லன்னு தெரிஞ்சா பட்டறைக்குள்ளயே விடமாட்டாரு. சொல்லிடாதீங்க.”

“சொல்லமாட்டேன்டா.”

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இன்று காலை குற்றவாளியாக நின்றாள்.

மத்தியானமே போய் அதே மாத்திரையை மறுபடி வாங்கி வந்தாள். சின்னவன் தொட மறுத்தான். “அண்ணனுக்குப் புடிக்கல. உங்களுக்கும் கெட்ட பேரு. எனக்கு ஒண்ணும் இல்ல அண்ணி, நான் நல்லாத்தான் இருக்கேன்.” கெஞ்சினாள், அதட்டினாள், அழுதும் பார்த்தாள். அவன் அசையவில்லை. சில நாட்களில் தூக்கம் போயிற்று. கூடவே பாட்டில் வந்தது.

பிறகொரு நாள் பட்டறை ஆள் மூச்சிரைக்க ஓடி வந்தான். அவள் போய்ப் பார்த்தபோது வாடிக்கையாளர்களுக்காகச் செய்து வைத்த சோபாக்கள் எல்லாம் தெருவில் வரிசையாகக் கிடந்தன. நடுவில் சின்னவன் ராஜா மாதிரி உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரை எல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். “எடுத்துக்கிட்டுப் போங்க, எல்லாம் உங்களுக்குத்தான்...” சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அண்ணியைப் பார்த்ததும் முகம் கோணி அழ ஆரம்பித்தான்.

அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவனை ஓங்கி அறைந்தார். “இனி என் தம்பின்னு சொல்லிக்கிட்டு இந்தப் பக்கம் வராதே.”

அண்ணி ஆட்டோவை நிறுத்தினாள்.

“எங்க கிளம்பிட்ட?”

“ஆஸ்பத்திரிக்கு. உள்ள சேர்த்தாகணும். கூட ஒரு ஆள் இருக்கச் சொல்லுவாங்க.”

“இப்ப அவன்கூடப் போனா, வீட்டுப் பக்கம் திரும்பி வராதே.”

அவள் கணவரின் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். “சரிங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறினாள். பின்னால் நாத்தனாரின் குரல் தெருவுக்கே கேட்டது. “புருஷனை விட்டுட்டுக் கொழுந்தன்கூடப் போறா பாரு. வெளியில தலைகாட்ட முடியுமா இனி?”

ஆட்டோவில் சின்னவன் அவள் தோளில் சாய்ந்து தூங்கிப்போனான். அவள் அழவில்லை. அந்தச் சொல் நெஞ்சில் முள்ளாகத் தைத்து நின்றது.

வார்டில் ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. முதலில் நடுக்கம், வியர்வை, பிதற்றல். அவள் ஈரத்துணியால் துடைத்துவிட்டபடியே இருந்தாள். மெல்ல மெல்ல அவன் சாப்பிட்டான், தூங்கினான், மற்றவர்களோடு வட்டமாக உட்கார்ந்து பேசவும் போனான். வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. அவள் கட்டிலடியில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டாள்.

வீட்டார் வந்து பேசினால்தான் அடுத்த கட்டம் என்றார் மருத்துவர். அண்ணி தலைகுனிந்தாள். சின்னவன் சம்மதித்ததும் மருத்துவரே பட்டறைக்குப் போன் செய்தார். “உங்களைக் குறை சொல்லக் கூப்பிடல. சின்ன வயசுல அவர் எப்படி இருந்தாருன்னு சொல்ல எங்களுக்கு நீங்க வேணும்.”

கணவர் வந்தார். முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு அக்காவையும் கூட்டி வந்திருந்தார். மருத்துவரின் அறையில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். நோய் என்ன, குடி அதோடு எப்படிப் பின்னிக்கொண்டது என்று மருத்துவர் நிதானமாகச் சொன்னார். “மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டப்போ குடி குறைஞ்சுக்கிட்டேதான் வந்துச்சு. நடுவுல ஏன் நின்னுச்சுன்னு தெரியல. இவங்களும் சொல்ல மாட்டேங்கிறாங்க.”

அண்ணி தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் சொல்றேன்” என்றான் சின்னவன். “அண்ணே, எனக்கு மனசுக்கு வைத்தியம் நடக்குதுன்னு உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு அண்ணிகிட்ட சத்தியம் வாங்குனது நான்தான். நீ திட்டுனப்போ அவங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லல. அக்கா அப்படிப் பேசினப்பவும்...” கண்ணைத் துடைத்துக்கொண்டான். “எனக்கு அம்மா முகம் ஞாபகமில்ல அண்ணே. அம்மான்னு நினைச்சா இவங்க முகம்தான் வருது.”

நாத்தனார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“மாத்திரையைத் தண்ணியில விட்டவன் நான்தான், டாக்டர்” என்றார் கணவர். “என்னன்னுகூடக் கேக்கல... கேட்டேன். பதில் வர்ற வரைக்கும் பொறுக்கல.”

“இனிமே பொறுத்துக்கோங்க” என்றார் மருத்துவர். “இது நாளைக்கே சரியாகிடாது. மறுபடியும் சறுக்கலாம். அப்போ அடிக்காம இங்க கூட்டிக்கிட்டு வாங்க. அது போதும்.”

வார்டுக்குத் திரும்பியதும் கணவர் மனைவியின் அருகில் வந்தார். “வீட்டுக்கு வா.”

“இவன் முடிச்சு வர்ற வரைக்கும் நான் வரமுடியாதுங்க.” குரலில் கோபமில்லை. “வராதேன்னு சொன்னதையும் நான் மறக்கல.”

“மறக்க வேண்டாம். நான் சொன்னது தப்பு. நம்ம வீட்டுல, இவன் முன்னாடி இன்னொரு தடவையும் சொல்றேன்.” அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். “இப்ப நீ போய்க் கொஞ்சம் படு. இங்க நான் இருக்கேன்.”

“உங்களுக்கு ஒண்ணும் தெரியாதே...”

“தெரிஞ்சுக்கிறேன். அவன் சொல்லட்டும்.”

கட்டில் ஓரத்தில் கூச்சத்தோடு உட்கார்ந்தார். அறைந்த கையைத் தம்பியின் தலையில் வைத்தார். “தூக்கம் வருதாடா இப்பல்லாம்?” சின்னவன் நகர்ந்து அவருக்கு இடம் கொடுத்தான். “வருது அண்ணே” என்றான்.

அண்ணி வெளியே வந்தாள். மாடிப்படியில் நாத்தனார் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். “என் வாய் அழுகிப்போகட்டும்டி. உன்னைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னேனே...”

“அப்படியெல்லாம் சொல்லாதீங்க அக்கா.”

“நீயாவது என்னைத் திட்டிடு.”

திட்ட வாயெடுத்தவளுக்கு அழுகைதான் வந்தது. இத்தனை நாள் ஒரு சொட்டு வராத கண்ணிலிருந்து நிற்காமல் வந்தது. ஆட்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்த படியின் நடுவிலேயே நாத்தனார் அவளைத் தன் தோளோடு சேர்த்து அணைத்துக்கொண்டு நின்றாள். வழிவிடச் சொன்னவர்களிடம், “சுத்திப் போங்க, எங்க வீட்டுப் பொண்ணு அழறா” என்றாள்.