அரை விநாடி முந்திய சிரிப்பு

ரெஜினாவின் விலாவைச் சுற்றி, சிரிப்பை அளக்கும் நகைமானியின் பட்டையைக் கட்டினார் அலுவலர் கனகசபாபதி. "மூச்ச இழுத்துப் பிடிக்காதீங்கம்மா. இது மூணாவது தடவை. இதான் கடைசி" என்றார்.

சீமைக்குக் குடியேற இப்போதெல்லாம் படிப்பு மட்டும் பத்தாது. அந்த நாட்டின் பழைய தொலைக்காட்சிக் குறுநாடகங்களைப் பார்த்து, சிரிக்க வேண்டிய இடத்தில் நிஜமாகவே சிரிக்க வேண்டும். சிரிப்பு புரிந்தால்தான் ஊர் புரியும் என்று எவனோ ஒரு மகராசன் ஆராய்ந்து சொன்னான். நல்ல வார்த்தைதான். அது ஆபீசுக்குள் நுழைந்ததும் நாசமாய்ப் போயிற்று. விலாவின் துடிப்பை அளந்து, நிஜச் சிரிப்பு எது, நடிப்பு எது என்று பிரிக்கக் கருவியே செய்துவிட்டார்கள்.

நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? தூத்துக்குடியில் தெருவுக்கொரு சிரிப்புப் பயிற்சி மையம். பத்தாண்டு வினா வங்கி. 'கட்டாயம் வரும்' என்று நட்சத்திரம் போட்ட நாடகங்கள் மட்டும் நாற்பது. நாற்பதையும் ரெஜினா நெட்டுருப் போட்டிருந்தாள். பிள்ளைகளுக்குத் தேர்வு கிடையாது என்பதால், மகள் ஷெரின் நான்கு வருடமாக அப்பாவோடு சீமையில், லீட்ஸ் நகரத்தில் இருக்கிறாள். அவளுக்குப் பல் விழுந்து முளைத்ததைக்கூட இந்தத் தாய் கைபேசியில்தான் பார்த்தாள். பாவி வயிறு எரியாதா?

திரை ஒளிர்ந்தது. ஆகா, நட்சத்திரம் போட்ட நாடகமேதான்! இறந்துவிட்டதாகத் தவறாகப் பதிவான ஒருவன், உயிரோடிருப்பதாகச் சான்று கேட்டு வருகிறான். "இறந்தவர்கள் விண்ணப்பிக்க முடியாது. உங்கள் விதவையை வரச் சொல்லுங்கள்" என்கிறார் எழுத்தர், முகம் மாறாமல்.

ரெஜினா சிரித்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

"அரை விநாடி முந்திட்டீங்க. அவர் சொல்லி முடிக்குமுன்ன சிரிச்சா? மனப்பாடம்னு காட்டுதும்மா."

"சார், சார், இன்னொண்ணு போடுங்க சார். எம் பிள்ளையத் தொட்டு நாலு வருசமாச்சு."

"அதுக்கு அப்பீல் இருக்கு. லீட்ஸ் ஆபீஸ்ல நீங்களே நேர்ல போய்க் குடுக்கணும்."

"அங்க போறதுக்குத்தான சார் இந்தப் பரீட்சையே?"

"ஆமாம்மா. பாஸானாத்தான் போக முடியும்" என்றார் அவர், முகம் மாறாமல்.

ரெஜினா அவரையே பார்த்தாள். பிறகு அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தாள். அந்த நாடகம் அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. நகைமானியில் பச்சை எரிந்தது. நூற்றுக்கு நூறு.

"டைம் முடிஞ்சப்புறம் சிரிச்சா சேராதும்மா" என்று சொல்லிப் பட்டையைக் கழற்றினார் கனகசபாபதி. நூறு என்ற எண்ணை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வாசலுக்கு வருமுன் ஷெரின் அழைத்துவிட்டாள். "அம்மா, பாஸா?"

"இல்லட்டி. ஃபெயிலானவங்க அப்பீல் பண்ணணும்னா நேரா அங்கயே வரணுமாம்."

"போங்கம்மா, ஜோக் அடிக்கிறீங்க!" குழந்தை கலகலவென்று சிரித்தது.

ரெஜினாவும் கூடவே சிரித்தாள், பயிற்சி மையத்தில் பழக்கிய அதே சிரிப்பை. இந்த முறை அரை விநாடிகூடப் பிசகவில்லை.