பொன்னாடைக்கு ஒரு நாற்காலி

மலேசிய இசை வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்பட வேண்டிய மாபெரும் நிகழ்வு ஒன்று, சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை காலை, பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் மாடியில் நடந்தேறியது. பொன்னெழுத்து கைவசம் இல்லாததால், மாடிப்படியருகே ஒரு பலகையில் சாக்பீஸால் எழுதி வைத்திருந்தார்கள்:

'இன்று ஒலிப்பதிவு. செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றவும்.'

எழுதியவள் லோஷினி. வயது பத்து. மாடியில் இருந்த ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அவள் அப்பா ஆனந்த்தான் முதலாளி, தொழிலாளி, கூட்டிப் பெருக்குகிறவர் எல்லாம். சனிக்கிழமைகளில் லோஷினி உதவியாளர். சம்பளம் பருப்புக் குழம்போடு ஒரு ரொட்டி சானாய்.

கூடத்தை அப்பா தன் கையாலேயே கட்டியிருந்தார். ஓர் அறையை நடுவில் மறித்து, மறிப்பில் ஒரு கண்ணாடி ஜன்னல் வைத்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாடுகிறவர் நிற்பார். இந்தப் பக்கம் அப்பா கணினியோடு உட்காருவார். பாடுகிற அறையின் சுவர் முழுக்கப் பழைய கம்பளிகளை அடித்திருந்தார். வெறும் சுவராக இருந்தால் குரல் மோதித் திரும்பி வந்து, கிணற்றுக்குள் பாடியது போல் கேட்கும். கம்பளி அதைக் குடித்துவிடும்.

கண்ணாடிக்கு மேலே ஒரு கறுப்புத் திரையும் சுருட்டிக் கட்டியிருந்தது. கூச்சப்படும் பாடகர்களுக்காக அப்பா வைத்தது. இதுவரை வந்த பாடகர்கள் யாரும் கூச்சப்படவில்லை. கூச்சப்பட்டிருக்க வேண்டியவர்கள்கூட.

கட்டடம் கீழ்க்கடைக்கார நாகையாவுக்குச் சொந்தம். அவர் அடிக்கடி மேலே வந்து சுவர்களை ஆசையோடு தட்டிப் பார்ப்பார்.

"நல்ல ரூம் ஆனந்த். ஈரம் வராது, எலி வராது. அரிசி மூட்டை அடுக்கினா சும்மா அப்படியே இருக்கும் லா."

"இந்த மாசம் மட்டும் பாருங்கண்ணே. பெரிய வேலை ஒண்ணு வருது."

"மாசம் முடியப் போவுதே," என்பார் நாகையா, கண்ணாலேயே மூட்டைகளை அடுக்கியபடி.

அந்தப் பெரிய வேலைதான் அன்றைக்கு. இன்னிசை அன்பர் மன்றத்தின் மன்ற கீதம். அது நன்றாக வந்தால் மன்றத்தின் எல்லாக் கிளைகளும் இங்கேதான் பதிவு செய்யும். வராவிட்டால் கூடத்துக்கு அரிசி மூட்டை வரும். இது லோஷினிக்கும் தெரியும். அதனால் அன்று ரொட்டி சானாயைக்கூட அவள் பாதிதான் சாப்பிட்டிருந்தாள்.

முதலில் மாடியேறி வந்தது ஒரு ஃபோன். அதற்குப் பின்னால் அதைப் பிடித்திருந்த கை. கைக்குப் பின்னால் மன்றச் செயலாளர் வேலாயுதம்.

"வருகிறார், வருகிறார்! இசைமாமணி, நாவுக்கு வேந்தர், நம் தலைவர் தம்புசாமி அவர்கள், இதோ படியில் ஏறிக்கொண்டே இருக்கிறார்!" என்று ஃபோனில் வீடியோ எடுத்தபடி முழங்கினார் அவர்.

இசைமாமணி, நாவுக்கு வேந்தர் என்ற இரு பட்டங்களையும் தம்புசாமிக்குக் கொடுத்தது மன்றம். மன்றத்தின் தலைவர் தம்புசாமி. ஆகவே அதில் சிரமம் எதுவும் இருக்கவில்லை.

தம்புசாமி வந்தார். பெரிய உருவம். வெள்ளை ஜிப்பா. அதற்கு மேல் கழுத்திலிருந்து இடுப்பு வரை பளபளவென்று ஒரு பொன்னாடை. காலையில் கடை வாசலில் வேலாயுதம் போர்த்தியது. அதைக் குளிரில் நடுங்குகிறவர் போல இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்திருந்தார்.

அப்பா அவரைப் பாடும் அறைக்குள் நிறுத்தி, ஹெட்போனை மாட்டிவிட்டு, கதவைச் சாத்தினார். அறையைக் குளிர வைக்கும் ஏர்கோனை நிறுத்தினார். மைக் எல்லாவற்றையும் கேட்கும். ஏர்கோன் பெருமூச்சு விடுவதையும் கேட்கும்.

"பாடலாம் அங்கிள்," என்றார் இந்தப் பக்கத்து மைக்கில்.

தம்புசாமி மைக்கை விரலால் தட்டினார். டொக், டொக்.

இந்தப் பக்கம் ஹெட்போன் போட்டிருந்த அப்பா நாற்காலியோடு துள்ளினார்.

"ஹலோ. மைக் டெஸ்டிங். ஹலோ." தம்புசாமி தொண்டையைச் செருமினார். "பெருமதிப்பிற்குரிய அவையோர்களே..."

"அங்கிள், நேரா பாட்டுக்குப் போயிடலாம்."

"மைக்கப் பாத்துட்டு வணக்கம் சொல்லாம எப்படிப்பா? வாய் வரமாட்டேங்குது."

"அங்க யாரும் இல்லியே அங்கிள்."

"அதான் தொல்லையே. ஆளே இல்லாத எடத்துல நான் பாடினதே இல்ல."

ஒருவழியாகப் பாட ஆரம்பித்தார். 'எட்டுத் திக்கும் கொட்டும் மன்றம், எங்கள் மன்றம், தங்க மன்றம்.' எழுதியது, இசையமைத்தது, பாடுவது எல்லாம் அவரே.

முடிந்ததும் அப்பா பதிவைப் போட்டுக் காட்டினார்.

சர்ரக். 'எட்டுத் திக்கும் கொட்டும் மன்றம்.' சர்ரக். 'எங்கள் மன்றம்.' சர்ரக். 'தங்க மன்றம்.'

"இது என்ன, பொட்டலம் பிரிக்கிற மாதிரி?" என்று கேட்டார் வேலாயுதம்.

அப்பாவுக்கு முகம் வெளுத்தது. மைக் வயரைக் கழற்றி மாட்டினார். வேறு பிளக்கில் சொருகினார். இன்னொரு தடவை பதிவு செய்தார். சர்ரக். கீழே ஓடி, மாவரைக்கும் மிஷினைக் கொஞ்சம் நிறுத்தச் சொன்னார்.

"நிறுத்துறேன்," என்றார் நாகையா. "ஆனா ஒண்ணு சொல்றேன் ஆனந்த். அரிசி மூட்டைக்கு இந்தத் தொல்லையே கிடையாது."

மிஷின் நின்றது. தம்புசாமி மறுபடியும் பாடினார். சர்ரக் நிற்கவில்லை.

"எங்க தலைவர் குரல்ல எந்தக் கோளாறும் கிடையாது," என்றார் வேலாயுதம். "ரூமுலதான் என்னமோ இருக்கு. சுபாங் ஜெயாவுல ஒரு ஸ்டூடியோ இருக்காம். மத்தியானம் அங்க போயிடலாமா தலைவரே?" கதவைத் திறந்து உள்ளே தலையை நீட்டிச் சொல்லிக்கொண்டே ஃபோனில் நம்பரைத் தேட ஆரம்பித்தார்.

"ஒரு பத்து நிமிசம் குடுங்க அங்கிள்," என்றார் அப்பா. மைக் வயரை மொத்தமாக உருவி எடுத்து மேசைமேல் வைத்தார். பிறகு லோஷினிக்கு மட்டும் கேட்கும்படி, "இந்த வயர நான் ஈயம் வச்சுப் பத்த வச்சது சரியில்ல போல பாப்பா," என்றார்.

அப்பாவின் குரல் காலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாகிக்கொண்டே வந்தது. இன்னும் கொஞ்சம் போனால் மைக்குக்கே கேட்காது.

அப்பா வயரைத் திருகிக்கொண்டிருக்க, அவள் கணினித் திரையைப் பார்த்தாள். பாடின பாட்டு அதில் மலைத்தொடர் மாதிரி தெரிந்தது. ஒவ்வொரு வரியும் ஒரு மலை. ஒவ்வொரு மலைக்கும் முன்னால் ஒரு சின்னப் புதர். அந்தப் புதர்தான் சர்ரக்.

வயரில் கோளாறு என்றால் நினைத்த இடத்தில் சத்தம் வருமே? இது ஏன் ஒழுங்காக ஒவ்வொரு வரிக்கும் முன்னால் வரிசையில் நிற்கிறது?

வரிக்கு முன்னால் பாடுகிறவர் என்ன செய்வார்?

லோஷினி தானே ஒரு மூச்சை இழுத்துப் பார்த்தாள். அவள் பருத்திச் சட்டை சத்தம் போடவில்லை. கண்ணாடி வழியாகத் தம்புசாமியைப் பார்த்தாள். பிறகு ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஏர்கோன் இல்லாத அறை வெந்துகொண்டிருந்தது. தம்புசாமி கண்ணாடிக்கு முதுகைக் காட்டி ஒரு முக்காலியில் உட்கார்ந்து, பொன்னாடையின் முனையைத் தூக்கி நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே ஜிப்பாவின் மார்பில் ஒரு பெரிய மஞ்சள் கறை, மலேசிய வரைபடம் போல. கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் சபா, சரவாக் உட்பட.

அவர் திடுக்கிட்டுப் பொன்னாடையை இழுத்து மூடினார். "பாத்துட்டியா?"

"சாம்பாரா அங்கிள்?"

"சாம்பார்," என்றார் நாவுக்கு வேந்தர், சின்னக் குரலில்.

"கீழ்க்கடையிலயா? அங்க அப்படித்தான் தூக்கி ஊத்துவாங்க. எங்கப்பாவுக்கு ரெண்டு சட்டை போச்சு."

தம்புசாமியின் முகம் கொஞ்சம் இளகியது. "பொன்னாடையில படக்கூடாதுன்னு கழட்டி வச்சுட்டுச் சாப்பிட்டேன், இதுல ஊத்திட்டாங்க. வேலாயுதம் கையில ஃபோனோட நிக்கிறாரு மா. இது அதுல விழுந்துச்சுன்னா முடிஞ்சுது. ராவாங் கிளைக்காரங்க வருசம் பூரா சிரிப்பாங்க." கண்ணாடிப் பக்கம் பயத்தோடு பார்த்தார். "இந்த மைக்கு, நாம பேசறது வெளியில கேக்குமா?"

"கேக்காது. அப்பா வயர உருவிட்டாரு. அதுக்கு இப்ப காது இல்ல."

லோஷினிக்கு இப்போது எல்லாம் தெரிந்துவிட்டது. கதவைத் திறந்து, 'பொன்னாடைதான்ப்பா சத்தம், கழற்றச் சொல்லுங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அப்பாவின் அறை தப்பித்துவிடும். தம்புசாமி அங்கிள்தான் மாட்டிக்கொள்வார்.

அவள் கதவைத் திறக்கவில்லை.

"அங்கிள், மூச்ச நல்லா இழுத்துப் பாருங்க."

இழுத்தார். சர்ரக்.

தம்புசாமியின் கண்கள் விரிந்தன. மெதுவாக, திருடன் போல, இன்னொரு மூச்சு. சரக்.

"அட முருகா! இதுவா? அப்ப ரூம்ல..."

"ரூம் நல்ல ரூம் அங்கிள். எங்கப்பா கட்டினது."

தம்புசாமி தலையில் கைவைத்துக்கொண்டார். "இதக் கழட்டினா அது தெரியும். கழட்டலன்னா இது கேக்கும். நான் என்ன பண்ணுவேன் பாப்பா?"

லோஷினி அறையைச் சுற்றிப் பார்த்தாள். மூலையில் ஒரு நாற்காலி இருந்தது.

"ஆளு இல்லாம பாட வரலன்னு சொன்னீங்கல்ல?"

"ஆமா."

"அப்ப பொன்னாடைய அந்த நாற்காலியில உக்கார வைப்போம். அது கேக்கட்டும். நீங்க அதப் பாத்துப் பாடுங்க. கண்ணாடிக்குத் திரைய எறக்கி விட்டுடுறேன். சபா சரவாக் யாருக்கும் தெரியாது."

"எந்த சபா சரவாக்?"

"ஒண்ணுமில்ல அங்கிள்."

வெளியே வந்து அவள் திரையை அவிழ்த்துவிட்டதும் வேலாயுதம் பதறினார்.

"ஏய் ஏய்! நான் வீடியோ எடுக்கணும்! உலகம் பாக்கணும்!"

"இப்பவே காட்டிட்டீங்கன்னா வெளியீட்டு விழாவுல என்ன அங்கிள் காட்டுவீங்க? சஸ்பென்ஸ் வேணாமா?"

வேலாயுதம் வாயை மூடினார். யோசித்தார். ஃபோனைத் தன் முகத்துக்குத் திருப்பினார். "அன்பர்களே! தலைவர் இப்போது திரைக்குப் பின்னால்! சஸ்பென்ஸ்!"

"அப்பா, வயர மாட்டுங்க. அது நல்ல வயர்தான்."

அப்பா மாட்டினார். ஹெட்போனில் தம்புசாமியின் குரல் கேட்டது. காலையில் இருந்ததைவிடத் தெம்பாக இருந்தது.

"பெருமதிப்பிற்குரிய அவையோர்களே, வணக்கம்."

"யாருக்கு வணக்கம் சொல்றாரு?" என்று கேட்டார் அப்பா.

"அவை இருக்குப்பா. நீங்க பதிவு பண்ணுங்க."

தம்புசாமி பாடினார். ஒரே மூச்சில் முழுப் பாட்டையும் பாடி முடித்தார் என்று வேலாயுதம் பின்னால் எழுதினார். அது பொய். நிறைய மூச்சு வாங்கினார். ஆனால் ஒரு மூச்சுக்கூட சத்தம் போடவில்லை. கணினித் திரையில் மலைகள் மட்டும் நின்றன. நடுவே பளிச்சென்று வெறும் தரை.

"புதரே இல்ல," என்றாள் லோஷினி.

அப்பா பதிவை ஆரம்பத்திலிருந்து ஒருமுறை போட்டுக் கேட்டார். அப்புறம் தான் கட்டிய மறிப்புச் சுவரை உள்ளங்கையால் ஒருமுறை தட்டிக் கொடுத்தார்.

"நீ என்ன பண்ணுன பாப்பா?"

"ஒரு நாற்காலி போட்டேன்."

கதவு திறந்தது. பொன்னாடையை மறுபடியும் கழுத்து வரை போர்த்திக்கொண்டு தம்புசாமி வெளியே வந்தார். சர்ரக் என்று ஒரு மூச்சை இழுத்துவிட்டார்.

அப்பா அந்தப் பொன்னாடையைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். அவருக்குப் பாதி புரிந்துவிட்டது. மீதிப் பாதியை அவர் கேட்கவில்லை.

"ஆனந்த், ரூம் நல்ல ரூம்," என்றார் தம்புசாமி. "வேலாயுதம், சுபாங் ஜெயாவுக்கு வரலன்னு சொல்லிடுங்க. எல்லாக் கிளைக்கும் எழுதுங்க, பதிவு இனி இங்கதான். ராவாங் கிளைக்கு முதல்ல எழுதுங்க."

படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த நாகையா, ஒரு பெருமூச்சோடு கண்ணால் அடுக்கிய மூட்டைகளைக் கண்ணாலேயே இறக்கிவிட்டுக் கீழே போனார். போனதும் லோஷினிக்கு ஒரு ரொட்டி சானாய் அனுப்பினார். அதை அவள் முழுசாகச் சாப்பிட்டாள்.

அடுத்த வாரம் மன்ற மண்டபத்தில் வெளியீட்டு விழா நடந்தது. வேலாயுதம் நன்றியுரை ஆற்றினார். மைக்குக்கு நன்றி சொன்னார். திரைக்கு நன்றி சொன்னார். "அன்று காலை தலைவருக்குத் தெம்பூட்டிய நாகையா கடைச் சாம்பாருக்கும்..." என்றதும் மேடையில் தம்புசாமி பொன்னாடையை அவசரமாக இழுத்துப் போர்த்திக்கொண்டு, கீழே லோஷினியைப் பார்த்தார். லோஷினி மின்விசிறியைப் பார்த்தாள்.

பிறகு பாட்டைப் போட்டார்கள். மண்டபமே மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டது. எந்த இடத்திலும் ஒரு சர்ரக் கூட இல்லை.

பாட்டு சுமார்தான்.