மேல்சரிவின் தொண்ணூற்றெட்டுத் திராட்சைகள்

“ஐயையோ... அதை வாயில போட்டுண்டுட்டேளா?”

மகாராஷ்டிரத்தின் நாராயண்காவிலிருந்து புனேயின் சிவாஜிநகர் போகும் பஸ்ஸில், பக்கத்து இருக்கைக்காரன் திகைத்துப்போனான். மார்ச் மாதத்தில் பருவம் தப்பிய மழை. பஸ் சடக்கென்று நின்றதில், ப்ரியம்வதாவின் பையிலிருந்து இரண்டு திராட்சைகள் அவன் மடியில் உருண்டு விழுந்திருந்தன. அவனும் சும்மா இருக்காமல் இரண்டையும் மென்றுவிட்டான்...

“அரே, தமிழா நீங்க?” என்று விரிந்தன அவன் கண்கள். மழையில் நனைந்த கருங்கல் போலப் பளபளக்கும் கண்கள்... அவள் அவசரமாகக் கோபத்தை வரவழைத்துக்கொண்டாள்.

“சோதனைக்குன்னு எண்ணி நூறு பறிச்சேன். இப்போ தொண்ணூத்தெட்டு!”

“சாரி... ஆனா இவ்வளவு விதை, இவ்வளவு தடித் தோல்... இதை யார் வாங்குவா?”

“இது ஒயினுக்கு. ஒயின் ஆலையிலதான் எனக்கு வேலை. புளிச்சுதா? நெஜத்தைச் சொல்லுங்கோ.”

அவன் கண்ணை மூடினான். “முதல்ல வெல்லப்பாகு. அப்புறம்... நாக்கோரம் கூசித்து.”

அவள் முகம் மலர்ந்தது. பள்ளத்தாக்கின் அடியில் வெயில் தேங்கி நிற்கும். பழம் சீக்கிரமே இனித்துப் புளிப்பை இழந்துவிடும். புளிப்பில்லாத ஒயின் வெறும் சர்பத். மேல்சரிவிலோ அந்தி சாய்ந்தால் குளிர்காற்று, புளிப்பு தங்கும்.

“ஆனா மேல முழுசாப் பழுக்க இன்னும் பத்து நாள் ஆகும். முதலாளி அவசரப்படறார். காத்திருக்கணும்.”

“நான் காத்திருப்பேன். என் பேர் பத்ரி,” என்றான். எதற்கென்று அவள் கேட்கவில்லை... போன் நம்பரை மட்டும் கொடுத்தாள்.

ஆறாம் நாள், புனேயின் கோர்படியில் ஒரு கடையில் காபி. அவன் தயங்கினான். “ஆத்துல உன்னைப் பத்திச் சொல்லணும். அப்பா ரொம்ப ஆசாரம்... பழ ஆராய்ச்சின்னு மட்டும் சொல்லட்டுமா?”

அவள் முதுகு நிமிர்ந்தது.

“ஆசாரம் உங்காத்துல மட்டும்தானா? ஒயினை நாக்குல வச்சு ருசி பார்த்துத் துப்பிடுவேன். ஒரு சொட்டு உள்ளே போனதில்லை. எங்கப்பாவுக்குக் கொடுத்த வாக்கு. ஆனா பொய் சொல்லிண்டு ஓர் ஆத்துக்குள்ள நுழைய மாட்டேன்.”

காபியைத் தொடாமல் எழுந்து போனாள். தெருத் திரும்பிய பிறகுதான் கண் கலங்கியது.

பத்தாம் நாள் காலை, மேல்சரிவில் அறுவடை. கூடைகளுக்கு நடுவே ஒரு வெள்ளை வேட்டி வந்து நின்றது. பத்ரியின் அப்பா சூர்யநாராயணன்! பின்னால் தலைகுனிந்தபடி பத்ரி.

“நீதான் அந்த ஒயின்காரப் பொண்ணா?”

“ஆமாம், மாமா.” கையிலிருந்த கூடையைக் கீழே வைத்தாள்.

“இவன் நேத்து எல்லாத்தையும் சொன்னான். மறைக்கப் பார்த்ததையும் சேர்த்து.” பெரியவர் மகனை முறைத்தார். “எனக்கு இந்தத் தொழில் பிடிக்கலை. ஆனா வாக்குத் தவறாத பொண்ணை வேண்டாம்னு சொன்னா, எங்க குடும்பத்துக்கு என்ன மரியாதை? உங்கப்பாவை நான் பார்க்கணும்.”

அவர் கொடிகளைப் பார்க்கிற சாக்கில் நகர்ந்தார்.

பத்ரி கையை நீட்டினான். உள்ளங்கையில் இரண்டு திராட்சைகள்.

“நூறு கணக்கு சரியாயிடும்... ப்ரியா, உன்னை எனக்குப் பிடிச்சிருக்கு. இனிமே யார்கிட்டயும் மறைக்க மாட்டேன்.”

அவள் ஒன்றை எடுத்து அவன் வாயில் போட்டாள். மற்றதைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

இதைத் துப்பவில்லை.

“புளிக்கறதா?” என்றான் அவன்.

“கொஞ்சம்... அதனாலதான் எனக்கும் பிடிச்சிருக்கு.”