மழை அறியாத கல்

ஜெனோவின் அப்பா ததேயுஸ் ஓமானில் ஒரு செம்புச் சுரங்கத்தில் லாரி ஓட்டினார். கடைசியாக லீவுக்கு வந்தபோது மகனுக்கு ஒரு கல் கொண்டுவந்தார். பாதி தவிட்டு நிறப் பாறை. மீதிப் பாதியில் கண்ணாடி மாதிரி நீலம். அவர்கள் ஊரான மணக்குடியின் கடலுக்கே அப்படி ஒரு நீலம் வாய்த்ததில்லை.

அவர் திரும்பிப் போன சில மாதங்களில் சுரங்கப் பாதையில் லாரி கவிழ்ந்தது. அப்பா பெட்டியில்தான் ஊருக்கு வந்தார். பெட்டியை யாரும் திறந்து காட்டவில்லை. அப்பா என்று தொட்டுப் பார்க்க ஜெனோவுக்கு மிஞ்சியது அந்தக் கல் ஒன்றுதான்.

அதைத்தான் பிரிஜா இரவல் வாங்கினாள். இரண்டு பேரும் ஒரே தெரு, ஒரே ஆறாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் அறிவியல் கண்காட்சி நடக்க இருந்தது.

"நீயே கொண்டு போ. நான் வரல" என்றான் ஜெனோ. அப்பா போனபிறகு அவன் கூட்டத்தில் நிற்பதில்லை. "வாயில மட்டும் வச்சிராத. விஷம். ரப்பர் மரத்துக்கு அடிக்க நீலத் துருசு கலக்குவாவல்லா, அதுதான் இது. ஆனா ஆளு செஞ்சதில்ல. சுரங்கத்துச் சுவருல தானாப் பூத்ததுன்னு அப்பா சொன்னாவ. மழையே இல்லாத ஊருலதான் பூக்குமாம்."

"அப்போ நம்ம ஊருல பூக்காதா?"

"நம்ம ஊருல மழை எங்கட்டி விடுது?"

கண்காட்சியில் கல்லுக்கு ஏகக் கூட்டம். லிஜா டீச்சர் போனில் தேடி 'சால்கந்தைட்' என்று அட்டையில் எழுதி வைத்தார். பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. ஆனால் எல்லார் கையும் கல்லின்மேல் பட்டது. சாயங்காலம் பார்த்தால் நீலம் முழுவதும் விரல் அழுக்கு, போதாததற்கு முறுக்குத் தூள்.

பிரிஜாவின் அம்மா பெயர் வேளாங்கண்ணி. உப்பளத்தில் வேலை பார்க்கிறவள். அவள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. இரவல் வாங்கிய பொருளைக் கழுவாமல் திருப்பிக் கொடுக்கக்கூடாது. கொடுத்தால், "அந்தச் சட்டி அடுத்த வீட்டுல போய் நம்மளப் பத்திக் கதை சொல்லும்" என்பாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரிஜா ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, கல்லை ஊறவைத்துவிட்டுக் கோவிலுக்குப் போனாள். பூசை, மறைக்கல்வி எல்லாம் முடிந்து மத்தியானம் வந்தால், தம்பி ரெனிஷ் டப்பாவின் முன்னால் குத்தவைத்திருந்தான். கையில் ஒரு தம்ளர்.

"அக்கா, யாரு சர்பத்து போட்டது? நல்ல நீலமா இருக்கு!"

பிரிஜா பாய்ந்து தம்ளரைத் தட்டிவிட்டாள். "குடிச்சியால?"

"இல்லக்கா..." அவன் அழத் தொடங்கினான். தம்ளர் காய்ந்தே இருந்தது. 

பிறகுதான் டப்பாவைப் பார்த்தாள். தண்ணீர் நீலமாக இருந்தது. அடியில் தவிட்டுப் பாறை மட்டும் மொட்டையாகக் கிடந்தது. மழை இல்லாத ஊரில்தான் பூக்கும் என்று ஜெனோ சொன்னதன் அர்த்தம் இப்போது புரிந்தது. 

ரெனிஷ் மூக்கை உறிஞ்சிக்கொண்டு யோசனை சொன்னான். "தக்கலைக் கடையில துருசு கிடைக்கும்லா? வாங்கி ஒட்டிக் குடுத்துருவோம். அவனுக்குத் தெரியவா போகுது?"

ஒரு நொடி அவளுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அந்தத் துருசை ஜெனோவின் அப்பா கண்ணால்கூடப் பார்த்ததில்லை. டப்பாவை இறுக மூடி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஜெனோ வீட்டுக்கு நடந்தாள். 

நடந்ததை அவள் சொல்லி முடித்தாள். ஜெனோ மூடியைத் திறந்து பார்த்தான்.

"எங்கப்பாவக் கரைச்சுட்டியேட்டி."

 டப்பாவைத் தூக்கி முற்றத்து மணலில் கொட்டப் போனான். பிரிஜா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் திமிறினான். அவள் விடவில்லை.

"கொட்டாத ஜெனோ! கொட்டினாத்தான் போகும். இன்னும் போகல. எல்லாம் இந்தத் தண்ணிக்குள்ளதான் இருக்கு!"

"பொய் சொல்லாத."

"பொய் இல்ல. உப்பளத்துல கடல் தண்ணி விடுவாவல்லா, அதுல உப்பு கண்ணுக்குத் தெரியுமா? வெயிலு தண்ணிய மட்டுந்தான் கொண்டுபோகும். உப்பை விட்டுட்டுத்தான் போகும்."

"வெயிலு எங்கட்டி இருக்கு?"

 வெளியே ஐப்பசி மழை கொட்டத் தொடங்கியிருந்தது. ஜெனோ டப்பாவை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினான்.

அதன்பிறகு அவன் அவளோடு பேசவில்லை. வகுப்பில் இடம் மாறி உட்கார்ந்தான். தினமும் பள்ளி விட்டு வரும்போது பிரிஜா அவன் வீட்டு ஜன்னலைப் பார்ப்பாள். உயரத்தில், யார் கைக்கும் எட்டாத பலகையில் டப்பா இருந்தது. மேலே மெல்லிய துணி கட்டி, 'விஷம்' என்று எழுதியிருந்தான். கொட்டவில்லை என்பது மட்டும் அவளுக்கு ஆறுதல். மழையோ விட்டபாடில்லை. உப்பளத்தில் வேலை நின்று, அம்மாவும் வீட்டில் உட்கார்ந்து வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தாள். பிரிஜாவும் கூடச் சேர்ந்து திட்டினாள்.

கார்த்திகை கடைசியில்தான் வெயில் முகம் காட்டியது. கிறிஸ்துமஸ் குடிலுக்குப் புல் பறிக்கப் போன பிரிஜாவைப் பின்னாலிருந்து ஒரு குரல் கூப்பிட்டது.

"ஏட்டி. வா."

ஜெனோதான். ஜன்னலடியில் டப்பாவை இறக்கி வைத்திருந்தான். தண்ணீர் அடியோடு வற்றியிருந்தது. தவிட்டுப் பாறையின் முதுகில் நீலம் ஏறியிருந்தது. பழைய மாதிரி இல்லை. அங்கே ஒன்று, இங்கே ஒன்றாக, கூர்கூராக முளைத்திருந்தது. சில டப்பாவின் ஓரத்திலும் ஒட்டியிருந்தன.

"அப்பா தந்தப்போ இப்படி இல்ல" என்றான் ஜெனோ. புறங்கையால் கண்ணைத் துடைத்தான்.

"இல்லதான்" என்றாள் பிரிஜா. அவளும் அழுதாள்.

"ஆனா அதேதான், இல்லியா?"

"அதேதான். ஒரு சொட்டும் வெளிய போகல."

ஜெனோ கல்லை ஒரு துணியில் வைத்து வெகுநேரம் பார்த்தான். பிறகு அவளிடம் நீட்டினான்.

பிரிஜா உடனே வாங்கவில்லை. கையில் புல்லின் ஈரம் இருந்தது. இரண்டு கையையும் பாவாடையில் நன்றாகத் துடைத்து, வெயிலில் காட்டிப் பார்த்து, அப்புறம்தான் நீட்டினாள்.