ஜன்னலோரத்து மூச்சு

ஒலிப்பதிவு ஓடிய அந்தப் பத்து நிமிடங்களில் அறையில் இருந்தவர்கள் மூன்று பேர். மூத்தவள் ஜன்னலோர நாற்காலியில், கணினிக்கு முன்னால். அவளுடைய தங்கை கட்டிலின் கால்மாட்டில், துவைத்த துணிகளை மடித்தபடி. தங்கையின் கணவன், எலக்ட்ரீஷியன், கதவை ஒட்டித் தரையில், கழற்றிய மின்விசிறியைச் சுற்றிலும் பரப்பிக்கொண்டு. வேறு யாரும் இல்லை. வேறு யாராவது உட்கார அந்த அறையில் இடமும் கிடையாது.

மூத்தவளின் அலுவலகத்தில் ஆள்குறைப்பு நடந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. இணையத்தில் வேலை தேடி, படிவம் நிரப்பி நிரப்பிக் கண் பூத்துப்போன பிறகு கிடைத்தது இது. வீட்டிலிருந்தபடியே ஒலிப்பதிவுகளைக் கேட்க வேண்டும், கேட்டதைத் தட்டச்சு செய்து அனுப்ப வேண்டும். நேர்காணல் கிடையாது. முகம் காட்டாத நிறுவனம். முதல் பயிற்சியாக, தன் அறையையே பதிவுசெய்து எழுதி அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.

"நாங்க என்னக்கா பேசணும்?" என்றாள் தங்கை.

"எப்பவும் பேசுறதைப் பேசுங்க."

"அப்போ சண்டைதான்," என்றான் எலக்ட்ரீஷியன். "இவ ஆரம்பிப்பா, நான் மன்னிப்பு கேப்பேன். எழுதுறதுக்கும் சுலபம்."

"வாயை மூடிட்டு கையில இருக்கிற வேலையைப் பாருங்க."

அவன் நான்கு திருகாணிகளைப் பல்லிடுக்கில் கவ்விக்கொண்டு கண்ணடித்தான். மூத்தவள் பதிவை ஓடவிட்டாள். பத்து நிமிடமும் தங்கைதான் பேசினாள். அவன் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை இருவரும் வேலைக்குக் கிளம்பிப் போன பிறகு, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு மூத்தவள் அந்தப் பதிவைக் கேட்டாள். ஈரம் முழுதாக உலராத துணியை உதறும் சத்தம், தங்கையின் புகார், தெருவில் யாரோ இரும்புக் கதவை இழுத்துச் சாத்தும் ஓசை, அவற்றுக்கெல்லாம் அடியில், காதுமடலைத் தொடும் நெருக்கத்தில், அவசரமே இல்லாமல் உள்ளே போய் வெளியே வரும் ஒரு மூச்சு. தன்னுடையதுதான் என்று முதலில் நினைத்தாள். ஆறாவது நிமிடத்தில் அவளே இருமுகிறாள். அவள் இருமும்போதும் அந்த மூச்சு நிற்கவில்லை.

ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு அறையைப் பார்த்தாள். வெயில் கட்டில்வரை வந்திருந்தது. பட்டப்பகலில் என்ன பயம் என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

நிறுவனத்தின் விதிகள் மூன்று. கேட்ட ஒவ்வொரு குரலையும், அது இருந்த இடத்தையும் எழுத வேண்டும். கேட்காத எவரையும் எழுதக்கூடாது. கேட்டு எழுதுபவர் தன்னைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. கடிதத்தில் தேதியை இடம் மாற்றிப் போட்டால்கூட அவளுக்குத் தூக்கம் வராது. விதி என்றால் விதி. 'குரல் ஒன்று: தங்கை, கட்டிலில். குரல் இரண்டு: மூச்சு மட்டும், ஜன்னலோரம்.' எலக்ட்ரீஷியன் வாயே திறக்கவில்லை. ஆகவே அவனுக்கு வரி இல்லை. அனுப்பினாள்.

உடனே பதில் வந்தது. 'நன்றி. உங்கள் பட்டியலின்படி அறை சரிசெய்யப்பட்டது.'

ஏதோ அலுவலக நடை என்று விட்டுவிட்டாள்.

மாலையில் தங்கை தனியாக வந்தாள்.

"அவர் எங்கடி?"

"யாரு?"

"உன் புருஷன்டி."

தங்கை செருப்பைக் கழற்றியபடியே சிரித்தாள். "எனக்கு மாப்பிள்ளை பார்த்து முடிச்சே வச்சிட்டியா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நல்லா உடுத்திட்டு வந்திருப்பேனே."

விளையாட்டில்லை. கண்ணில் பொய்யே இல்லை. கட்டிலில் ஒரே ஒரு தலையணை. கொடியில் அவன் சட்டை இல்லை. தங்கை விரலில் மோதிரம் இல்லை, அது இருந்த தடமும் இல்லை. தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கழற்றியவனே இல்லை, அதனால் அது கழற்றப்படவும் இல்லை.

ஜன்னலோர நாற்காலியின் மெத்தை அமுங்கியிருந்தது.

மூச்சு கேட்டது. காதில் ஹெட்ஃபோன் இல்லை.

சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கைபேசியில் நிறுவனத்துக்கு எழுதினாள். ஒருவர் விடுபட்டுவிட்டார், இல்லாத ஒன்றை எழுதிவிட்டேன், இரண்டையும் திருத்துங்கள். பதில் வந்தது. 'திருத்தம் ஒரே ஒருமுறை. கைப்பட எழுதிய கடிதமாக அனுப்பவும். உறை ஒட்டப்பட்ட கணத்திலிருந்து அது செல்லுபடியாகும். கேட்ட மூச்சை இல்லை என்று நீக்க இயலாது. அது யாருடையது என்று எழுதவும்.'

கடைசி வரியை இரண்டு முறை படித்தாள். ஒருமுறைதான். பிழை வந்தால் தங்கைக்கு அவன் கிடையாது. இப்படி ஒருவன் இருந்தான் என்று நினைத்து அழக்கூட அவளுக்குத் தெரியாது.

அலமாரியில் கிடந்த தாள், பேனா, உறை, பசையை எடுத்துக்கொண்டு, கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்து எழுதினாள்.

'ஐயா, வணக்கம். நான் அனுப்பிய பட்டியலில் என் தங்கையின் கணவர் விடுபட்டுவிட்டார். அவர் கதவை ஒட்டித் தரையில் இருந்தார். வாயில் திருகாணி இருந்ததால் பேசவில்லை. அவரைச் சேர்க்கக் கோருகிறேன். குரல் இரண்டு என்று நான் குறித்த மூச்சு…'

பேனா நின்றது. கதவுக்கு அந்தப் பக்கம், அவள் முதுகின் உயரத்தில், பலகையில் மூச்சு பட்டது.

யாருடையது?

எழுதினாள். '…என்னுடையது. ஜன்னலோரம் இருந்தது நான்தான். வேறு யாரும் இல்லை.'

கையெழுத்திட்டாள். மடித்தாள். உறையின் ஓரத்தில் பசை தடவி விரலால் அழுத்தினாள்.

மூச்சு நின்றது.

மாடிப்படியில் செருப்புச் சத்தம். "எங்க போனீங்க ரெண்டு பேரும்? பசி உயிர் போகுது!"

அவன்தான். அவனேதான். கண்ணில் நீர் முட்ட, கடிதத்தோடு வெளியே ஓடினாள். "வந்துட்டீங்களா!" என்றாள். அவன் திரும்பவில்லை. தங்கையும் திரும்பவில்லை. தங்கை ஜன்னலோர நாற்காலியைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

"லெட்டர் எழுதி முடிச்சிட்டியாக்கா? கொடு, இவரே போட்டுட்டு வருவார்."

நாற்காலியில் மூத்தவளுடைய சேலை. மூத்தவளுடைய பின்னல். அது மெல்லத் தலையசைத்து, அவள் நின்ற இடத்தைக் கைகாட்டியது.

தங்கை வந்து, அலமாரியிலிருந்து எடுப்பதுபோல் அவள் கையிலிருந்து உறையை எடுத்தாள். அவள் இறுக்கிப் பிடித்தாள். இறுக்க விரல் இல்லை. கத்தினாள். கத்த மூச்சு இல்லை.

அவன் படியிறங்கிப் போனான். கீழே தபால் பெட்டியின் தகரம் தூக்கப்பட்டு விழுந்தது.

"போட்டாச்சுக்கா!" என்று தெருவிலிருந்து ஜன்னலைப் பார்த்துக் குரல் கொடுத்தான்.

நாற்காலியில் இருந்தது அவனுக்குக் கையசைத்தது.