கூடுதலாக ஒரு காலடி

மூன்றாவது ஹெட்செட்டில் மட்டும் ஒரு ஆள் கூடுதலாக நடந்தான்.

ஹெட்செட் வாங்குவதற்கு ஜெகன் வைத்திருந்த சோதனை ஒன்றுதான். மூணாற்றில் கடை வைத்திருக்கும் அருள்குமார் கம்ப்யூட்டர் விளையாட்டுக்குள் வந்து இவனைச் சுற்றி நடக்க வேண்டும். இவன் கண்ணை மூடிக்கொண்டு, காலடி எந்தப் பக்கம் கேட்கிறது என்று மைக்கில் சொல்ல வேண்டும். அருள்குமார் கொடுத்தனுப்பிய மூன்றில் முதலாவது காதைக் கவ்வி வலியெடுக்க வைத்தது. இரண்டாவதில் முன்னால் நடந்தாலும் பின்னால் நடந்தாலும் ஒரே தொம் தொம். வயரில்லாத மூன்றாவது பிரமாதம். சரளைக்கல் நொறுங்குவதுகூடத் தனித்தனியாகக் கேட்டது.

"இப்ப எங்கிட்டு நிக்கேன், சொல்லு."

"எடது பக்கம், பின்னாடி."

"போடா கிறுக்கா. ஒனக்கு நேர் முன்னாடி நிக்கேன். நின்னு ரொம்ப நேரமாச்சு."

ஜெகன் கண்ணைத் திறந்தான். திரையில் அருள்குமாரின் பொம்மை எதிரே ஆடாமல் அசையாமல் நின்றது. இடது காதுக்குப் பின்னால் நடை நிற்கவில்லை. அது சரளையில் நடக்கிற நடையல்ல; சிமெண்டுத் தரையில், தண்ணீர் புகுந்த பூட்ஸ் சளக் சளக்கென்று மிதிக்க, கூடவே ஏதோ இரும்பைத் தரையில் இழுத்துக்கொண்டு போகிற நடை.

ஹெட்செட்டைக் கழற்றினான். தகரக்கூரையில் மழை. பட்டப்பகலிலேயே கதவிடுக்கு வழியாகப் பனிமூட்டமாய் மஞ்சு உள்ளே வந்து, ஈர விறகுப் புகையும் தைலமும் கலந்து மணத்தது. உள்ளறையில் மனைவி சித்ரா தூங்கிக்கொண்டிருந்தாள். ஏழாம் மாதம். கட்டிலை விட்டு இறங்கினால் பிள்ளை தங்காது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஏற்கெனவே இரண்டு தங்கவில்லை. மழைக்கு ஜீப் சவாரி இல்லாமல் வீட்டில் கிடந்த ஜெகன் ஹெட்செட் தேடியதே அவள் தூக்கம் கெடக்கூடாது என்றுதான்.

மறுபடி மாட்டினான். சளக். சளக். இடது பக்கம், பின்னால். அங்கே இருப்பது பக்கத்து வீட்டுச் சுவர்.

அது பெரியமுத்துவின் வீடு. போன கவாத்தின்போது, தேயிலைச்செடி வெட்டுகிற கத்தியால் மனைவி ராமுத்தாயைக் கண்டதுண்டமாக வெட்டிப்போட்டுவிட்டு, அந்தக் கத்தியோடு மஞ்சுக்குள் நடந்தவன். பிறகு ஆளும் கிடைக்கவில்லை, பிணமும் கிடைக்கவில்லை. அன்றைக்குப் போட்ட பூட்டு இன்னும் அப்படியே தொங்குகிறது. சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் அந்தத் தோட்டத்து லய வீடுகளில் ஒருத்தரும் அந்த வீட்டுக்குக் குடிபோகச் சம்மதிக்கவில்லை.

நடை நின்றது. சுவரில் தட்டும் சத்தம். டொக், டொக்.

மஞ்சுக்குள் யானை இறங்கினால் லயத்தில் யாரும் கத்தமாட்டார்கள். கடைசி வீட்டுக்காரர் சுவரில் தட்டுவார். அடுத்த வீட்டுக்காரர் பதிலுக்குத் தட்டுவார். உள்ளே ஆள் இருக்கிறது, வெளியே வரமாட்டோம் என்று அர்த்தம். நடக்கப் பழகிய பிள்ளைகூடத் தூக்கத்தில் பதில் தட்டும். ஜெகனின் கையும் யோசிக்கவில்லை. பின்னால் நீண்டு சுவரில் தட்டிவிட்டது.

டொக், டொக்.

"டேய், என்னத்தடா தட்டுத?" என்றான் அருள்குமார்.

"பக்கத்து வீட்டுல... தட்டுனாங்க."

"எந்தப் பக்கம்?"

ஜெகன் திரும்பிப் பூட்டிய வீட்டுப் பக்கச் சுவரைப் பார்த்தான். ஐயோ பாவி, உள்ளே ஆள் இருக்கிறது என்று நானே சொல்லிவிட்டேனே. காதுக்குள் சுவர் உரசியது. ஈரத் துணியைக் கல்லில் தேய்ப்பதுபோல் ஒரு சத்தம் சுவருக்கு அந்தப் பக்கம் தொடங்கி, சுவருக்குள் வந்து, இந்தப் பக்கம் முடிந்தது. பிறகு மூச்சு. பிடரிக்குப் பின்னால். திரும்பினான். யாரும் இல்லை.

சளக். சளக். அவனைத் தாண்டிப் போனது.

வலது பக்கம். உள்ளறை.

ஹெட்செட் கழுத்தில் தொங்க ஓடினான். சித்ரா ஒருக்களித்துப் படுத்திருந்தாள். போர்வை ஏறி இறங்கியது. அறையில் வேறு யாரும் இல்லை. ஜெகனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கழுத்தில் தொங்கியதிலிருந்து மெல்லிய சத்தம். எடுத்துக் காதில் மாட்டினான்.

விர்ரென்று காற்று கிழிந்தது. இடது பக்கம்.

சித்ராவின் தோள் பிளந்தது.

அவள் கண் திறந்தது. வாய் திறந்தது. அறையில் சத்தமே இல்லை. ஹெட்செட்டுக்குள் அவள் அலறினாள்.

"என்னங்க! வெட்டுறாங்க! வயித்த... வயித்தப் பிடிங்க!"

பாய்ந்து அவள்மேல் விழுந்தான். கையை வீசினான். காற்று. வெறும் காற்று. விர்ர். வலது. தொடை கிழிந்தது. விர்ர். இடது. ரத்தம் அவன் வாயில் உப்பாக விழுந்தது. எந்தப் பக்கம் என்று மட்டும் துல்லியமாகத் தெரிந்தது. பிடிக்க ஒன்றும் இல்லை.

கத்தி உயரே போனது.

நடுவில். நேராக வயிற்றுக்கு மேலே.

ஜெகன் இரண்டு கைகளையும் விரித்து அவள் வயிற்றில் அழுத்தினான்.

விர்ர்.

விரல்கள் போர்வையில் உதிர்ந்தன. அவற்றுக்கடியில் பிள்ளை ஒருமுறை உதைத்தது. கத்தி மறுபடி உயரே போகிற சத்தம், இரண்டு காதிலும், துல்லியமாகக் கேட்டது.